ரத்தத்தில் இருந்தது

அக்காவின் கல்யாண மோதிரத்தைப் பாறசாலை சந்தைக்குப் பக்கத்து நகைக்கடையில் அறுத்துத்தான் எடுத்தார்கள். சோப்புக்கும் எண்ணெய்க்கும் அது கழலவில்லை. விரல் வீங்கி நீலம் பாரித்துவிட்டது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அவளுக்கு முதல் பிள்ளை, ஏழாம் மாதம். "நீரு வச்சதாக்கும், பெற்றா வத்திரும்" என்றாள் அம்மா. வழியில் பார்த்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நெய்யாற்றின்கரை சாலையில் ஓர் ஆஸ்பத்திரியின் லேபில் நான் வேலை பார்த்துவந்தேன். மறுநாள் காலை பஸ்ஸில் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா இரண்டு முறை பிரஷர் பார்த்தார். ரொம்பக் கூடியிருந்தது; உடனே அவளைப் படுக்க வைத்தார். சோதனைக் குழாயில் சிறுநீரைச் சூடாக்கியபோது அதிலிருந்த புரதம் தயிர்போலத் திரண்டது. பிறகு ரத்தம். யூரிக் அமிலம் ஏறியிருந்தது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களை மைக்ரோஸ்கோப்பில் எண்ணினேன், குறைவாக இருந்தன. அடுத்த நாள் இன்னும் குறைந்தன. குழாயில் ரத்தம் கட்டியிருக்கும், அதனால்தான் என்று நம்பப் பார்த்தேன். கட்டியிருக்கவில்லை.

"இது கர்ப்பத்தில வரும் பிரஷர் நோய், இதுக்கு மருந்து ஒண்ணுதான். பிள்ளையை வெளியே எடுக்கணும்" என்றார் டாக்டரம்மா.

"இப்பம் எடுத்தா பிள்ள நிக்குமா டாக்டரே?"

"சொல்ல முடியாது. எடுக்கல்லெங்கில் நீ நிக்க மாட்ட."

"ஒரு வாரமெங்கிலும் தாருங்க" என்று அக்கா கெஞ்சினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "எட்டீ, ஒனக்கு எண்ணினதில தெற்றியிருக்கும். திரும்பப் பாரு." புதிதாக ரத்தம் எடுத்துப் போய்ப் பார்த்தேன். அதே எண்ணிக்கைதான்; சீட்டோடு திரும்பி வந்தேன். என் முகத்தைப் பார்த்தவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் கொண்டுபோனோம். பாலராமபுரம் தாண்டியதும் அவளுக்குக் கண் செருகி, உடம்பெல்லாம் வெட்டி இழுத்தது. அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டேன். என் மடியில் கிடப்பது என் அக்காதானா என்று பயமாக இருந்தது. போன உடனே ஆபரேஷன் செய்தார்கள். பையன். கண்ணாடிக்கு அப்பால் அவன் விலா எலும்புகள் எழுந்து தாழ்வதை நானும் அத்தானும் மாறி மாறிப் பார்த்து நின்றோம். ஞாயிற்றுக்கிழமை வரை இருந்தான். அக்காவுக்கு நினைவு தெளியும் முன்பே அடக்கம் செய்துவிட்டோம். தெளிந்ததும் அவள் அழவில்லை. "ஆருக்க சாயல்?" என்று மட்டும் கேட்டாள். அத்தானுடைய சாயல் என்றேன்.

சில வருடங்களுக்குப் பிறகு அவளுக்கு ஒரு மகள் பிறந்தாள். அந்த மகள் இப்போது கர்ப்பமாக இருக்கிறாள். தாய்க்கு வந்த நோய் என்பதால் மூன்றாம் மாதத்திலேயே அவளிடம் ரத்தம் எடுத்தார்கள். நஞ்சுக்கொடி சரியாக வேர்பிடிக்காவிட்டால் ஒரு புரதம் ரத்தத்தில் குறைந்துபோகுமாம். அவளுக்குக் குறைந்துதான் இருந்தது. நோய் வராமலிருக்க தினமும் ஒரு சிறு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அடிக்கடி பிரஷர் பார்க்கிறார்கள். எட்டாம் மாதம் நடக்கிறது. இதுவரை குழப்பமில்லை. ஆனாலும் அவளிடமிருந்து போன் வந்தால், பிரஷர் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறேன்.

அந்தப் பரிசோதனை என்ன என்று அக்காவுக்கு விளக்கிச் சொன்னேன். மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அப்பம் மூணாம் மாசமே ரத்தத்தில உண்டா?"

"உண்டு."

"எனக்கும் இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும். அன்னைக்கு அதைக் காண வழி இல்லக்கா."

கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்: "நான் ஆரும் காணாம உப்பு மாங்கா தின்னேன்டீ. ஊறுகாய்ப் பரணியில கையவிட்டு, தெனமும். அதனாலயாக்கும் அவன் போனான்னு நெனச்சிருந்தேன்."

இத்தனை வருடமும் அக்கா வீட்டுக்குப் போய்வந்து கொண்டிருந்த எனக்கு இது தெரியாது.

"உப்பு மாங்காயினால இல்லக்கா" என்றேன்.

"இன்னொருக்கா சொல்லுடீ" என்றாள் அக்கா.