'ஓம்' என்று சொன்ன சம்பந்தி

தெற்கு வியட்நாமில், கான்தோ சந்தையில் மீன் வெட்டும் சுயேனுக்குக் கோபம் வர ஒரு நிமிஷம் போதும், அடங்கவும் ஒரு நிமிஷம் போதும். இந்தக் கோபம் மட்டும் நாலு நாளாகியும் ஆறவில்லை. வடக்கே ஹனோயிலிருந்து சம்பந்தியம்மா லுவான் போன் செய்து, "உங்க பொண்ணு தியெப் ரொம்ப ஓம் ஆயிட்டா" என்று சொல்லியிருந்தாள். தெற்கே 'ஓம்' என்றால் ஒல்லி. பூசணிக்காய் மாதிரி அனுப்பிவைத்த பெண்ணை ஒரே வருஷத்தில் எலும்பும் தோலுமாக்கிவிட்டு, அதைப் போன் போட்டு வேறு சொல்கிறார்கள்! "அப்ப நல்லா சோறு போடுங்க!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள். அதற்கு மேலும் மனசு கேட்காமல், வாழ்க்கையில் முதல் தடவையாக விமானம் ஏறினாள்.

ஹனோய் அவளுக்கு முதல் பார்வையிலேயே பிடிக்கவில்லை. டாக்சிக்காரன், "என்னம்மா, பேசறீங்களா, பாடறீங்களா?" என்று அவளைப் போலவே இழுத்துப் பேசிக் காட்டிவிட்டு, தப்பான சந்து முனையில் இறக்கிவிட்டுப் போனான். வானத்திலிருந்து ஒரு தூறல். பெய்வதென்றால் பெய்ய வேண்டும், இல்லையென்றால் விட வேண்டும், இது என்ன கெட்ட பழக்கம்? பசிக்கு ஃபோ நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்து, தன் ஊர் வழக்கப்படி சூப்பில் போட்டுக்கொள்ளச் சர்க்கரையும் கீரைத் தட்டும் கேட்டாள்.

"சர்க்கரையா? இது என்ன பாயசமா?" என்றாள் கடைக்காரி. "குடுத்ததச் சாப்பிடு, இல்லன்னா எடத்தக் காலி பண்ணு."

காசும் கொடுத்து வசவும் வாங்குவதா! சுயேன் பாதிக் கிண்ணத்தோடு எழுந்துவிட்டாள். இந்த ஊரில் மருமகளைப் பட்டினி போடாமல் வேறென்ன செய்வார்கள்?

ஒருவழியாக வீட்டைக் கண்டுபிடித்து, ஈரச் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்தாள். "உங்க வீட்ல அரிசிக்குப் பஞ்சமா? எம் பொண்ண இப்படிக் காயவிட்டிருக்கீங்களே!"

லுவானும் லேசுப்பட்டவள் அல்ல. "வாங்க, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? காய்ச்சல்ல கண்ணத் தொறக்காம கெடக்கா. ஓம், ஓம்னு போன்ல அவ்வளவு சொல்றேன், சோறு போடுன்னுட்டு வச்சீங்களே! அப்படி ஒரு தாயை நான் பாத்ததே இல்ல!"

வடக்கே 'ஓம்' என்றால் நோய்.

சுயேன் உள்ளே ஓடினாள். தியெப்பின் கன்னம் முன்பைவிட உருண்டுதான் இருந்தது. தொட்டால் சுட்டது. இவள் இப்படிக் கிடந்த நாலு நாளும் அம்மாக்காரி சந்தையில் உட்கார்ந்து சம்பந்தியைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்ததற்கும் கோபம் வந்தது. தலையணையைச் சுற்றி வெள்ளைப் பூக்களாகக் கிடந்தன.

"இது எதுக்குப் பூ? செத்தவங்களுக்கு வைக்கிற மாதிரி!"

"உங்க மக கேட்டதுதான்! ரெண்டு நாளா 'தேம், தேம்'னு அனத்தறா. வாசனை வேணுங்கறாளேன்னு தூறல்ல அலஞ்சு பம்பளிமாஸ் பூ வாங்கிட்டு வந்தேன். திரும்பிக்கூடப் பாக்கல. எனக்குக் கோவம் வராதா?"

"ஐயோ, தேம்னா வாசனையா? தேம்னா பழம்! மேலெல்லாம் முள்ளு, தலையில கொண்டை! அதப் போட்டு மீன் சாறு வச்சுக் குடுத்தாத்தான் இவளுக்குக் காய்ச்சல் விடும், சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான்!"

தெற்கே 'தேம்' என்றால் அன்னாசி; வடக்கே வாசனை. லுவான் பூக்களைப் பார்த்தாள். அவள் முழங்கைவரை சட்டை இன்னும் ஈரமாக இருந்தது.

சுயேன் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனாள். மறுபடி செருப்பை மாட்டினாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்:

"அந்தப் பழத்துக்கு உங்க ஊர்ல என்ன பேருன்னு சொல்லித் தொலைங்க, சம்பந்தி."