எழுந்து நின்று படித்தவர்

இந்த நினைவு மலரின் அட்டையில் அக்காவின் பெயருக்குக் கீழே ஒரு வரி காலியாக இருக்கிறது. அச்சகத்தில் விட்டுப்போயிற்று என்று சிலர் நினைத்திருக்கலாம். விட்டுப்போகவில்லை. அந்த ஒரு வரியில் என்ன போடுவது என்று எங்கள் வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் எப்படியும் கேட்பீர்கள். அதனால் தங்கை நானே எழுதிவிடுகிறேன்.

அக்கா எங்கள் தீவில், ஜார்ஜ் டவுனில் பிறந்தார். அப்பா துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி, அம்மா தையல் வேலை செய்தார். பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். அக்கா பள்ளிக் கடைசி வருடமான ஐந்தாம் படிவம் படிக்கும்போது அப்பா இறந்துவிட்டார். பல்கலைக்கழகம் போக ஆசைப்பட்ட அக்கா, சீக்கிரம் சம்பளம் வரும் என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போனார். அந்தச் சம்பளத்தில் நான் பல்கலைக்கழகம் போனேன். இதைப் பற்றி அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

திருமணத்திற்குப் பிறகும் தீவில்தான் குடியிருந்தார். கடலுக்கு அப்பால், புக்கிட் மெர்தாஜாமில் ஒரு தமிழ்ப்பள்ளியில் வேலை. தினமும் பாலம் கடந்து காரோட்டிப் போய் வருவார். கண்டிப்பானவர். ஆறுதலாக நாலு வார்த்தை பேசுவது அவருக்கு வராது. யாராவது அழுதால் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

பெருந்தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்த காலத்தில்தான் அக்கா கலங்கியதை முதல்முறையாகப் பார்த்தேன். மடிக்கணினி முன்னால் உட்கார்ந்துகொண்டு, "கேக்குதா? யாராச்சும் கேக்குதுன்னு சொல்லுங்கய்யா" என்று காலை முழுதும் கேட்டுக்கொண்டிருப்பார். பாதிப் பிள்ளைகள் வரவே இல்லை. பள்ளி திறந்தபோது, முன்பு கடகடவென்று வாசித்த ஒரு பெண்பிள்ளை எழுத்துக்கூட்டித் திணறினாளாம். அன்று வீட்டுக்கு வந்த அக்கா சாப்பிடவில்லை. கொஞ்ச நாளில், கணினிவழிக் கற்பித்தலுக்கான இலக்கவியல் கற்றலும் தலைமைத்துவமும் என்ற முதுகலைப் படிப்பில் சேர்ந்துவிட்டேன் என்றார். அப்போது அவருக்கு ஐம்பது வயது.

"இந்த வயசுல எதுக்குக்கா?" என்று கேட்டேன்.

"எந்த வயசுல போகணுமோ அந்த வயசுல நீ போயிட்ட. இப்ப என் முறை லா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

வகுப்புகள் மாலையில் இணையத்தில் நடந்தன. முதல் நாள் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு, பள்ளிக்குக் கட்டும் சேலையோடு உட்கார்ந்தார். விரிவுரையாளர் ஒரு மலாய்ப் பெண்மணி. எல்லாரும் அவரை டாக்டர் என்றே அழைத்தார்கள். அவர் தன் பெயரைக் கூப்பிட்டதும் அக்கா விருட்டென்று எழுந்து நின்று வணக்கம் சொன்னார். தமிழ்ப்பள்ளிப் பழக்கம்; எழுந்து நிற்க வேண்டும், உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார வேண்டும். திரையில் அக்காவின் முகம் போய்ச் சேலைக் கொசுவம் மட்டும் நின்றது. கேமரா விழுந்துவிட்டதா என்று டாக்டர் கேட்டார். இல்லை, நின்றுகொண்டிருக்கிறேன் என்று அக்கா பணிவாகச் சொன்னார்.

அக்காவின் மகள் ஓடிவந்து, "அம்மா, தலையே தெரியல லா, உக்காருங்க" என்று கிசுகிசுத்தாள்.

"அவங்க சொல்லட்டும்" என்றார் அக்கா.

விஷயம் புரிந்து டாக்டர் சிரித்துவிட்டு, உட்காருங்கள் என்றார். அதற்குப் பிறகும் அக்கா அந்தப் பழக்கத்தை விடவில்லை. "நான் ஸ்டூடெண்ட். ஸ்டூடெண்டுனா எழுந்து நிக்கத்தான் வேணும்" என்பார்.

அந்தப் படிப்பு அக்காவை மாற்றியது. அதை நான் மறுக்கமாட்டேன். பள்ளியில் இளம் ஆசிரியர்களுக்கு அவரைக் கண்டால் பயம். அவர்களில் ஒருவரிடம் போய், "தம்பி, எனக்கு இது வரல. கொஞ்சம் கத்துக் குடுங்க" என்று கேட்டாராம். அந்த ஆசிரியர் இறுதிச் சடங்கில் இதைச் சொல்லிச் சொல்லி அழுதார். சனிக்கிழமைகளில் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் தாய்மார்களைக் கூட்டி, கைப்பேசியில் பிள்ளைகளின் பாடத்தைத் திறக்கப் பழக்கினார். ஒரு தாய், "எனக்கு வாசிக்க வராது டீச்சர். எந்த பட்டன அமுக்கணும்னு மட்டும் காட்டுங்க" என்றிருக்கிறார். அன்றைக்கே அக்கா எழுத்தில் அனுப்பிய குறிப்புகளையெல்லாம் தன் குரலில் பேசி அனுப்பத் தொடங்கினார். அதுவே அவருடைய ஆய்வும் ஆயிற்று.

"இத்தன வருஷமா பிள்ளைங்க வரலன்னு ஏசிக்கிட்டு இருந்தேன். வர்ற வழிய அவங்க அம்மாவுக்கு நான் காட்டவே இல்லயே" என்று என்னிடம் சொன்னார். ஆசிரியராக இருந்த இத்தனை காலத்தில் அவர் தன்னையே குறை சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

இரண்டாம் ஆண்டில் வயிற்றுவலி வந்தது. மருத்துவமனைக்குப் போகச் சொன்னால், "இந்த செமஸ்டர் முடியட்டும்" என்பார். முடித்துவிட்டுப் போனபோது கட்டி பரவியிருந்தது. முன்பே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். எனக்கு அந்தப் படிப்பின் மேல் தீராத கோபம். அக்காவின் கணவர், என் அத்தானோ, "அந்தப் படிப்புதான் அவள இவ்ளோ நாள் உயிரோட வச்சிருந்துச்சு" என்பார். யார் சொல்வது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக அவர் கலந்துகொண்ட வகுப்பில் நானும் பக்கத்தில் இருந்தேன். பெயர் கூப்பிட்டதும் மேசையைப் பிடித்து எழுந்தார். மகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தாங்கினோம். முடியவில்லை. "மன்னிக்கணும் டாக்டர், இன்னைக்கு உக்காந்துக்கிறேன்" என்று மலாயில் சொன்னார். டாக்டர் தன் கேமராவை அணைத்துவிட்டார். ஆய்வை நேரில் படைக்கும் இறுதித் தேர்வு ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதற்கு முன்பே, பங்குத் தந்தை எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதலைப் பெற்று, எங்கள் அத்தனை பேர் நடுவிலும் வீட்டில் அமைதியாக இறைவனடி சேர்ந்தார்.

இறுதித் தேர்வை முடிக்காமல் பட்டம் தர விதியில்லை என்று பல்கலைக்கழகம் வருத்தத்தோடு தெரிவித்தது. ஆனாலும் அட்டையில் பெயருக்குக் கீழே முதுகலை என்று போட வேண்டும் என்றார் அத்தான்.

"முடிக்காதத முடிச்சதா போட்டா அக்காவே எழும்பி வந்து ஏசுவாங்க அத்தான்" என்றேன்.

"அவ பட்ட பாடு உனக்குத் தெரியாதா? நீ யாரு தடுக்க?" என்றார். அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றுபோயிற்று.

போன வாரம் அக்காவின் வகுப்புத் தோழர்கள் இணையத்தில் ஒரு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். சாப்பாட்டு மேசையில் அதே கணினி. அத்தான், மகள், நான். டாக்டர் வகுப்புப் பட்டியலை வழக்கம்போல் வாசித்தார். அக்காவின் பெயர் வந்தது. பதில் இல்லை. அடுத்த நொடி கட்டங்களில் இருந்த முகங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். திரை முழுக்கச் சேலையும் மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜூ குரோங்கும் இடுப்பு வாரும்தான். ஒரு தலைகூடத் தெரியவில்லை. டாக்டரும் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்ல யாரும் இல்லை.

அத்தான் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபடியே அழுதார். பிறகு மெல்ல, "உக்காருங்க" என்றார். பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

கணினியை மூடிவிட்டு, "அந்த வரிய காலியா விட்டுடு லா" என்றார் என்னிடம்.

அக்காவைக் கடைசிவரை கவனித்த மருத்துவர்களுக்கும் தாதியர்க்கும், வீட்டுக்கு வந்து செபமாலை சொன்ன பங்கின் அன்பியக் குழுவினர்க்கும், பாலம் கடந்து மாறி மாறி வந்து உணவு கொடுத்த சக ஆசிரியர்களுக்கும், டாக்டருக்கும் வகுப்புத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எத்தனை சொன்னாலும் அது போதாது.

இதை அச்சிட்டுத் தந்த அச்சகத்து அண்ணனுக்கும் நன்றி. அட்டையைக் காட்டி, "என்னம்மா, பேருக்குக் கீழ இடம் சும்மா கெடக்கே?" என்று அவர் கேட்டார்.

"சும்மா இல்ல அண்ணே. அக்கா நிக்கிறாங்க" என்றேன்.