லாக்டேட்டும் என் வீட்டுக்காரரும்

தொண்ணூறுகளின் நடுவில் கல்யாணமாகிக் கோயமுத்தூருக்கு வந்தேன். உயிர்வேதியியல் படித்திருந்ததால் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்தது. வாய்த்தவர் மோட்டார் பம்பு பட்டறைக்காரர். நல்ல மனுஷன்தான், ஆனால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். குழம்பு எப்படி என்றால் "ம்", சினிமாவுக்குப் போகலாமா என்றால் அதற்கும் "ம்". பேசிப் பேசியே வளர்ந்த எனக்கு அந்த வீட்டில் பைத்தியம் பிடிக்காத குறைதான்.

அந்த வருஷம் டாக்டர் அவருக்கு ரத்தத்தில் கொழுப்பு அதிகம், எடையைக் குறைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். மறுநாளே விடியலில் ரேஸ்கோர்ஸ் ரோட்டில் தலைதெறிக்க ஓட ஆரம்பித்தார். நாக்குத் தள்ள வீடு வந்து இட்லியாக விழுங்குவார். தொப்பை அசையவே இல்லை.

எனக்கு ஒரு யோசனை தட்டியது. மூச்சிரைக்க ஓடினால் தசைகள் அவசரமாகச் சர்க்கரையை எரித்து, லாக்டேட் என்கிற ஒரு பொருளை ரத்தத்தில் தள்ளும். அது விஷமொன்றும் இல்லை, இதயமே அதை எடுத்து எரித்துக்கொள்ளும். ஆனால் நிறையச் சேர்ந்துவிட்டால் கொழுப்புச் செல்களிடம் போய், இப்போதைக்குக் கரைய வேண்டாம் என்று சொல்லிவிடும். நிதானமாக நடந்தால் அந்தத் தடை இல்லை. முழுக்கதை இதைவிடச் சிக்கல், தின்கிற இட்லிக்கும் அதில் பங்குண்டு. என் காரியத்துக்கு இவ்வளவு போதும் என்பதால், இதை மட்டும் அவரிடம் சொன்னேன். சரியான வேகம் எதுவென்று எப்படித் தெரியும் என்று கேட்டார். பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் அதுதான், நானும் கூட வருகிறேன் என்றேன்.

மனுஷன் வசமாக மாட்டிக்கொண்டார். முதல் நாள் வழியிலிருந்த போர்டுகளை வாசித்துக்கொண்டே வந்தார்: பேக்கரி, பல் டாக்டர், இங்கு வாகனங்களை நிறுத்தாதீர். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. போர்டெல்லாம் கணக்கில் சேராது என்றேன். அப்புறம் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுவது எப்படி என்று நாள்கணக்கில் விளக்கினார். அதுவாவது அவர் வாயிலிருந்து வருகிறதே என்று கேட்டுக்கொண்டேன்.

சில மாசத்தில் பேண்ட் லூசானது. டாக்டரும் ரிப்போர்ட்டைப் பார்த்து முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்கு மட்டும் கவலை பிடித்துக்கொண்டது. வந்த காரியம் முடிந்துவிட்டது, இனி பழையபடி "ம்" தானா? மறுநாள் நடக்கும்போது அதையே நினைத்துக்கொண்டு வாய் திறக்காமல் வந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவர், என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"எங்கப்பன் எங்கம்மாகிட்ட சேந்தாப்புல ரெண்டு வார்த்தை பேசி நான் பாத்ததில்ல, அம்மிணி. பொண்டாட்டிகிட்ட எப்படிப் பேசறதுன்னு எனக்கு ஆரும் சொல்லித் தரல. உடம்புக்கு நல்லதுன்னு நீ சொன்னதால எப்படியோ பேசிப்போட்டேன். கொழுப்பு கரைஞ்சிருச்சுன்னு இத நிறுத்திப்போடாத."

நடுரோடு என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டேன். கால் வலிக்கிறதா என்று அவர் பதறினார். இல்லை, இன்னொரு சுற்றுப் போகலாம் வாங்க என்றேன். அன்றைக்கு லேபுக்கு லேட்டாகத்தான் போனேன்.