மைக் அக்காவும் லினக்ஸ் பேனாவும்

என் மாமியார் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய குழந்தை விசாரணை அறையில் அழுதுகொண்டிருக்கிறது, எல்லாம் அவர் வாயால் வந்தால்தான் ஊருக்குத் தெரியும். ஊர் அவருக்கு வைத்த பெயர் மைக் அக்கா. குரல் எல்லோருக்கும் தெரியும், முகம் பாதிப் பேருக்குத் தெரியாது. காய்கறிக் கடையில் நின்று “கால் கிலோ தக்காளி” என்றால் நாலு தலை திரும்பும். உடனே அத்தை குரலை ஒரு படி ஏற்றி, “நல்லதா பார்த்துப் போடுங்க” என்பார். அப்போது எனக்கு எரிச்சலாக வரும். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அவர் வேலை பார்த்த அறையை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் சாப்பாட்டு டப்பா கொண்டுபோனேன். ஒரு மேசை, ஒரு மைக், போட்டால் மைக்கில் இரையும் என்பதால் எப்போதும் அணைத்தே கிடந்த மின்விசிறி. ஜன்னல் கிடையாது. “யாரையும் பார்க்காம எப்படி அத்தை பேசறீங்க?” என்று கேட்டேன்.

“பார்த்தா எனக்குப் பேச்சு வராதும்மா” என்றார்.

பெருமைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது நிஜம் என்று புரிந்தது. அத்தை என்னோடு நேருக்கு நேர் பேசவே மாட்டார். எல்லாம் சாடைப் பேச்சுதான். நான் அடுப்படியில் நிற்கும்போது ஹாலில் இருந்து, “சில பேருக்கு உப்புன்னா என்னன்னே தெரியாது போல” என்பார். நான் ஹாலுக்கு வந்தால் வாயை மூடிக்கொள்வார். மகனிடம், “உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, கதவைச் சாத்தும்போது அது கதவுன்னு நினைப்பு இருக்கட்டும்னு” என்பார். நானும் சளைத்தவள் இல்லை. அடுப்படிப் பாத்திரங்களைக் கொண்டே பதில் சொல்வேன். ஒரே வீட்டில், ஒரே சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, வருஷக் கணக்கில் இப்படி வாழ்ந்தோம்.

ஓய்வு பெற்ற மறு வருஷம் அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை முடிந்ததும் டாக்டர் வெளியே வந்து, “உயிரைக் காப்பாத்திட்டோம், குரலைக் காப்பாத்த முடியல” என்றார். ஊருக்கே வழி சொன்ன குரலை ஒரு காலை வேளையில் எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். நோட்டும் பேனாவும் கொடுத்தோம், நோட்டு கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. அவர் மகன் சின்ன வெள்ளைப் பலகை வாங்கி வந்தார், அதைத் தொடக்கூட இல்லை. சாப்பாடு பாதியானது, பிறகு கால்வாசியானது. “உடம்புல இப்ப ஒரு குறையும் இல்ல. மனசுதான் மூடிக்கிச்சு. எழுதியாவது பேச வைங்க, இல்லேன்னா நாம பண்ணதெல்லாம் வீண்” என்று டாக்டர் பயமுறுத்தி அனுப்பினார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாயை வைத்தே பிழைத்தவர் அது போன பிறகு எப்படிப் பிழைப்பார் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் லினக்ஸைக் கையில் எடுத்தார். அலுவலகங்களில் கணினிகளைப் பராமரிக்கிற வேலை அவருக்கு. கணினியை இயக்குகிற இலவச மென்பொருளான லினக்ஸ் என்றால் உயிர். விண்டோஸ் என்ற சொல்லைக் கேட்டால் வீட்டு ஜன்னலைக்கூடத் திறக்க மாட்டார், அப்படி ஒரு வைராக்கியம். எங்களிடம் ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. திரையைப் பின்னால் மடித்தால் சிலேட்டு மாதிரி ஆகிவிடும். விரலால் தொடலாம், கூடவே வந்த பேனாவால் எழுதலாம். அதுவரை அது எங்களுக்குச் சினிமாப் பெட்டி. படுக்கையறைச் சுவரில் ஓட்டை போட்டு ஹால் டிவிக்கு ஒயர் இழுத்து வைத்திருந்தார்.

“அம்மாவுக்கு இதுதான் சரி. காகிதம் வேணாம், இதுல எழுதட்டும்” என்றார்.

எழுதட்டும் என்று சொன்னது சுலபம். அத்தை உள்ளங்கையைத் திரையில் ஊன்றினால் ஊன்றின இடமெல்லாம் கோடு. மடியில் சாய்த்து வைத்தால் படம் தலைகீழாகத் திரும்பும், பேனா மட்டும் பழைய திசையிலேயே நிற்கும், மேலே இழுத்தால் கோடு கீழே போகும். யாரும் கூப்பிடாமலே திரைக்குள்ளிருந்து ஒரு விசைப்பலகை எழும்பி வந்து பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும், அழையா விருந்தாளி மாதிரி. என் வீட்டுக்காரர் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும். போர்வையைத் தலைக்கு இழுத்தால் காலுக்குப் பத்தாது என்கிற கதைதான்.

“கடையில காசு குடுத்து ஒழுங்கா ஒண்ணு வாங்கினா என்னங்க?”

“இதுல முடியாததே கிடையாது. நாமதான் சொல்லிக் குடுக்கணும்.”

“உங்கம்மாவுக்கா, அதுக்கா?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சரியாகிவிட்டது என்று மடிக்கணினியை அத்தை மடியில் வைத்துவிட்டு, இவர் கடைக்குப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு போஸ்ட் மாஸ்டர் வந்தார். ஓய்வு பெற்றவர். ஆறுதல் சொல்ல வந்தால் கேட்கிறவர்களுக்குத்தான் ஆறுதல் தேவைப்படும், அவ்வளவு பேசுவார். ஹாலில் உட்கார்ந்து, “என்ன குரல்! என்ன குரல்! இனிமே அவங்க ஒரு வார்த்தை பேசப் போறதில்லன்னு நினைச்சா…” என்று பெருமூச்சு விட்டார்.

இவர் அணைக்காமல் விட்டுப்போன, சத்தமில்லாமல் கிடந்த டிவி திரையில் ஒரு கோடு ஓடியது. பிறகு ஒரு வளைவு. கோணல் மாணலாக, கையளவு எழுத்துகள் விழத் தொடங்கின. நாங்கள் இருவரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம்.

‘இந்த ஆளு இன்னும் போகலையா.’

அடுத்த வரியும் வந்தது. ‘இந்தக் கிழவருக்கு ஆபரேஷன் பண்ணியிருக்கலாம்.’

போஸ்ட் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை வாசித்தார். கிளம்புகிறேன் என்றுகூடச் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அத்தையின் அறைக்கு ஓடினேன். அவர் மடியில் இருந்த திரையில் ஒரு எழுத்துகூட இல்லை. வெறும் மலைப் படம்தான் தெரிந்தது. பேனா வேலை செய்யவில்லை என்ற தைரியத்தில், எங்கும் பதியாது என்று நினைத்து, மனசில் இருந்ததைக் கிறுக்கியிருக்கிறார்.

நடந்தது இதுதான். அந்தப் பெட்டிக்கு இரண்டு திரை. மடியில் இருப்பது ஒன்று, சுவருக்கு அந்தப் பக்கம் டிவி ஒன்று. பேனா எந்தத் திரைக்குச் சொந்தம் என்று லினக்ஸ் குழம்பிவிட்டது. பெரியதற்கே இருக்கட்டும் என்று டிவிக்குக் கொடுத்துவிட்டது. இங்கே எழுதினால் அங்கே விழுந்தது.

நான் அத்தையின் கையைப் பிடித்து ஹாலுக்குக் கூட்டி வந்து காட்டினேன். தன் எழுத்தை ஏற இறங்கப் பார்த்தார். “பாவம், செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டு ஓடிட்டாரு” என்றேன். அத்தையின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறினேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒலிபரப்பு தொடங்கியது. சுவருக்குக் காது உண்டு என்பார்கள், எங்கள் வீட்டுச் சுவருக்கு வாயே வந்துவிட்டது. ‘மகன் கவனத்திற்கு. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது.’ ‘அனைவரின் கவனத்திற்கு. பால் பொங்கும் வாசனை வருகிறது.’ அந்த மடிக்கணினி வழியாகவே நான் டிவியில் சீரியல் பார்க்கும்போது கதாநாயகியின் நெற்றியில், ‘இவள் அழுததே போதும், சேனலை மாற்றவும்’ என்று வரும். சண்டையும் பழைய மாதிரியே ஜோராக நடந்தது, இப்போது பெரிய எழுத்தில். சாப்பாட்டுத் தட்டு காலியாகத் திரும்பி வந்தது. உப்புக் குறையைச் சொல்வதற்காவது சாப்பிட்டாக வேண்டுமே.

இதற்குள் என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? இது பிழை என்று லினக்ஸ்காரர்களின் இணைய மன்றத்தில் எழுதிப் போட்டார். எங்கோ இருக்கிற ஒரு புண்ணியவான் ஒரே வரியில் கட்டளை எழுதி அனுப்பினார். தட்டினார், சரியாகிவிட்டது. அத்தை மடியில் எழுதியது அத்தை மடியிலேயே தெரிந்தது. “பார்த்தியா, முடியாததே கிடையாதுன்னு சொன்னேன்ல?” என்று இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

அத்தை திரும்பவும் சுவர்ப் பக்கம் படுத்துவிட்டார்.

தட்டு மறுபடியும் பாதியாகத் திரும்பி வந்தது. அறைக்குப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். “என்ன அத்தை? என்ன ஆச்சு?” முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எழுந்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது, அப்படித் தோன்றியது. கொஞ்ச நேரத்தில் பேனா உரசுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது திரையில், ‘எழுதிட்டு, படிக்கிறவங்க முகத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். பிச்சை கேட்கிற மாதிரி இருக்கு’ என்று இருந்தது.

இவரிடம் போய், “பழையபடி மாத்துங்க” என்றேன்.

“விளையாடறியா? அது தப்பா இருந்துச்சு. இப்பதான் சரியா இருக்கு.”

“அந்தத் தப்புலதாங்க உங்கம்மா சாப்பிட்டாங்க.”

மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வந்தார். உட்கார்ந்து பழையபடியே மாற்றினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு புதுப் பதிப்பு வரும்போதும் லினக்ஸ் தானாகவே திருந்திக்கொள்ளும், இவர் திட்டிக்கொண்டே அதைத் திரும்பக் கெடுப்பார். எல்லோரும் பேனாவைச் சரிசெய்ய மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, கெடுப்பதற்காக உட்கார்ந்த ஒரே மனுஷன் இவராகத்தான் இருப்பார்.

ஒரு நாள் காலை, மருந்துக் கடை வேலைக்குக் கிளம்பி வாசல் வரை போய்விட்டேன். டிவியில் எழுத்து ஓடியது.

‘மருமகள் கவனத்திற்கு. எனக்குப் பேச்சுதான் போனது, காது நன்றாகக் கேட்கும். ஆபரேஷனுக்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் என்னிடம் போய்ட்டு வரேன் என்று சொல்வதில்லை.’

உண்மைதான். பதில் சொல்ல முடியாதவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று எங்களை அறியாமலே விட்டுவிட்டோம். பூனை மாதிரி போய், பூனை மாதிரி வந்துகொண்டிருந்தோம். கையில் செருப்போடு அப்படியே நின்று அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, “அத்தை, போய்ட்டு வரேன்!” என்றேன்.

‘சரி. மெதுவாகக் கத்தினால் போதும்.’

மூன்று வருஷம் அந்த வீடு அப்படி நிறைந்திருந்தது. அந்த நாட்களை நினைக்காத நாள் இல்லை. பிறகு கட்டி திரும்பி வந்தது, இந்தத் தடவை வேறு இடத்தில். தள்ளுவண்டியில் படுக்கவைத்து ஆபரேஷன் அறைக்கு அழைத்துப்போனார்கள். மகன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நடந்தோம். கதவுக்கு முன்னால் நர்ஸ் எங்களை நிறுத்திவிட்டார்.

“அத்தை, போய்ட்டு வாங்க!” என்றேன். என் சத்தத்தில் அந்த நடைவழி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அத்தை தலையைத் திருப்பி என் முகத்தை நேராகப் பார்த்தார். போர்வைக்கு வெளியே கிடந்த வலது கை மெல்ல உயர்ந்தது. பேனா பிடிக்கிற மாதிரி மூன்று விரலைச் சேர்த்து, காற்றில் ஏதோ எழுதினார். ஒரு வார்த்தை இல்லை, ஒரு வரி இருக்கும். முடிப்பதற்குள் கதவு மூடிவிட்டது.

அவர் திரும்பி வரவில்லை. என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. ‘சரி’ என்று எழுதியிருப்பார் என்று இவர் சொல்கிறார். சரி என்று எழுத அவ்வளவு நேரம் ஆகுமா?