சீனியம்மாளின் விண்ணப்பம்

நாங்கள் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த வருடம், நர்ஸ் படிப்புக்கு எங்கள் பள்ளியில் ஒருத்திக்கு மட்டும் உபகாரச் சம்பளம் என்றார்கள். சீனியம்மாள் என்னைவிட நன்றாகப் படிப்பவள். விண்ணப்பம் கொடுக்கப் போன அன்று அவளுக்கு விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனியில் வேலை. "ஏட்டி, இதையும் நீயே ஆபீசுல குடுத்துரு" என்று தன் விண்ணப்பத்தை என்னிடம் தந்தாள்.

நான் என்னுடையதை மட்டும் கொடுத்தேன். அவளுடையதைக் கடைசி நாள் தாண்டும்வரை டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். "உனக்குக் கிடைக்கலட்டி" என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பணத்தில் படித்து சிவகாசி ஆஸ்பத்திரியில் நர்ஸானேன். வெடிச்சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுவேன். கொண்டுவரப்படும் ஒவ்வொரு முகத்தையும், அவளாக இருந்துவிடக் கூடாதே என்று பார்ப்பேன்.

ஒரு தீபாவளி சீசனில் அவளே வந்தாள். அவளுக்குக் காயம் எதுவும் இல்லை. உடம்பெல்லாம் வெந்துபோன ஒரு பெண்ணை மாட்டுவண்டியில் கொண்டுவந்திருந்தாள். சீனியம்மாளின் விரல்களில் பட்டாசுக்குக் கலக்கும் அலுமினியப் பொடி மின்னியது.

"நீ இங்கன இருக்கேங்கிற தைரியத்துலதான் நாங்க அம்புட்டுப் பேரும் வேலைக்குப் போறோம்" என்றாள்.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். "லோடு நிக்குதுட்டி, வாரேன்" என்று அதே வண்டியில் ஏறிக் கம்பெனிக்கே திரும்பிப் போனாள்.

இன்றும் சத்தம் கேட்டால் முதலில் ஓடுகிறவள் நான்தான். ஊரில் அதைச் சேவை என்கிறார்கள்.