லா சப்பலில் தம்பியின் அறையைக் காலி செய்தபோது

கடந்த ஒக்ரோபரில் ரொறன்ரோவிலிருந்து பாரிசுக்குப் போனேன். ஓகஸ்டில் இறந்துபோன என் தம்பி ரவியின் வாடகை அறையைக் காலி செய்து, செவ்வாய்க்கிழமைக்குள் சாவியை ஒப்படைக்க வேண்டியிருந்தது. இதே வேலையாகப் போக நேர்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

விமான நிலையத்திலிருந்து கார் து நோர் நிலையத்துக்கு ரயிலில் பதின்மூன்று யூரோ, ஏறக்குறைய முப்பத்தைந்து நிமிடம். அங்கிருந்து ரவி இருந்த லா சப்பல் பத்து நிமிட நடை. தமிழ்க் கடைப் பலகைகள் தொடங்கியதும் யாரிடமும் வழி கேட்கலாம். அறை ஐந்தாம் மாடியில். லிஃப்ற் இல்லை.

வியாழன் காலை பெரிய கறுப்புப் பைகள் ஒரு கட்டு வாங்கினேன். எதையும் பார்க்காமல் அள்ளிப் போட்டு ஒரே நாளில் முடிப்பது என் திட்டம். பார்த்தால் தாங்க மாட்டேன் என்று தெரியும். முதல் இரண்டு பைகளோடு முற்றத்துக் குப்பைத்தொட்டிக்குப் போனபோது, கட்டடத்தைப் பராமரிக்கும் போர்த்துக்கேயப் பெண் தடுத்தார். பையைத் திறந்து போத்தல், கடதாசி, சப்பாத்து என்று ஒவ்வொன்றாய்ச் சுட்டிப் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். செத்தவனின் சாமானுக்குமா சட்டம் என்று எனக்குக் கோபம் வந்தது.

ரவியோடு விமான நிலையத்தில் வேலை செய்த அன்ரன் அப்போதுதான் புறநகரான கூசேன்விலிலிருந்து வந்தான். மன்னார்க்காரன், தம்பியின் வயது. அந்தப் பெண்ணோடு பேசிவிட்டு என்னிடம் திரும்பினான்.

“அக்கா, இஞ்சை எல்லாத்தையும் ஒண்டாக் கட்டி எறிய ஏலாது. பிரிச்சுத்தான் போடவேணும். நான் நிக்கிறன், ஆறுதலாச் செய்வம்.”

கண்ணாடி வெள்ளை மூடித் தொட்டிக்கு, கடதாசியும் தகரமும் மஞ்சளுக்கு, மிஞ்சிய மருந்துகள் மருந்துக்கடைக்கு. பிரிப்பதென்றால் கையில் எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும். காலுறைகளில் பாதி தைத்தவை. ரவி ஊசி பிடிப்பான் என்றே எனக்குத் தெரியாது. அன்ரனின் காற்சட்டையையும் ஒருமுறை தைத்துக் கொடுத்தானாம், கோணலாக. இருவரும் சிரித்தோம். பிறகு நான் அழுதேன். அவன் தேத்தண்ணி போட்டான்.

சனிக்கிழமை, பழைய பொருள்களை இலவசமாக ஏற்று மலிவாக விற்கும் கடைக்குப் போனோம். ‘ரெசுர்சரி’ என்கிறார்கள். மேலங்கி, நாற்காலி, குக்கர் எல்லாம் எடுத்தார்கள். புட்டுக்குழல் என்னவென்று அங்கு நின்ற பெண் கேட்டாள். அன்ரன் மொழிபெயர்க்க, மாவும் தேங்காய்ப்பூவும் போடும் விதத்தைக் கையால் காட்டினேன். அவள் நாலு யூரோ என்று எழுதி ஒட்டியதுதான் தாமதம், அன்ரன் காசைக் கொடுத்து அதை வாங்கினான்.

என்னிடம் கேட்டிருக்கலாமே என்றேன்.

“கேக்க வெக்கமாக் கிடந்தது அக்கா. ஞாயிற்றுக்கிழமையளிலை நாங்கள் ரெண்டு பேரும் இதிலைதான் அவிக்கிறனாங்கள்.”

மெத்தையை மட்டும் யாரும் எடுக்கவில்லை. நகரசபை இணையதளத்தில் இலவசமாகப் பதிந்து, தரும் எண்ணை ஒட்டி, சொன்ன நேரத்தில் நடைபாதையில் வைக்க வேண்டும். பதியாமல் வைத்தால் தண்டம். எனக்குத் திங்கள் காலைதான் கிடைத்தது. அதுவரை அதில்தான் படுத்தேன்.

போகிறவர்கள் விமானச்சீட்டு எடுத்தவுடனேயே இதைப் பதிந்துவிடுங்கள். பிரெஞ்சு தெரிந்த ஒருவரைத் துணைக்குக் கேளுங்கள். நாலு முழு நாளாவது ஒதுக்குங்கள். பிரிப்பதைச் சட்டத்துக்காகத்தான் தொடங்கினேன், இரண்டாம் நாளிலிருந்து அவசரப்பட எனக்கே மனம் வரவில்லை.

எதற்கும் உதவாததென்று கடைசியில் மிஞ்சியது ஒரு சிறிய பை. அன்ரன் கை நீட்டினான். நானே கொண்டுபோகிறேன் என்று சொல்லி, ஐந்து மாடியும் மெதுவாக இறங்கினேன்.