சம்பளமில்லாத மகனின் சம்பளப் பிடித்தம்

கோர்ட்டிலிருந்து வந்த தாளில் வெல்டிங் பட்டறைக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இத்தனைக்கும் ஒரு இரும்புக் கேட்டைக்கூட அளவு பிசகிச் செய்யாத மனிதர். உங்களிடம் வேலை பார்ப்பவரின் சம்பளத்தில் குழந்தைக்கான ஜீவனாம்சத்தை மாதாமாதம் பிடித்துக் கோர்ட்டில் கட்டவும் என்றிருந்தது. தவறினால் முதலாளியும் பதில் சொல்ல வேண்டுமாம். அந்த வேலையாள் அவர் பெற்ற மகன்.

மகனுக்கு அவர் சம்பளமே கொடுத்ததில்லை. வீட்டுப் பிள்ளைக்கு என்ன சம்பளம்? சாப்பாடு வீட்டில், செலவுக்குக் கல்லாவில் கை வைத்தால் ஆயிற்று. இல்லாத சம்பளத்தில் எதைப் பிடிப்பது என்று கோர்ட் குமாஸ்தாவிடமே போய்க் கேட்டார். அவரோ, உங்கள் மகன் இதுவரை ஒரு காசுகூடக் கட்டவில்லை, அடுத்தது வாரண்டுதான் என்றார்.

பட்டறைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாதம் தவறாமல் மருமகள் வீட்டுக்கே போய் அவள் கையில் அவரே பணம் கொடுத்து வருகிறாரே! கையில் கொடுத்தது கணக்கில் ஏறாது என்றார் குமாஸ்தா. மகன் தந்ததாக அந்தம்மா எழுதிக் கொடுக்கட்டும், இல்லையென்றால் பாக்கியையும் சேர்த்துத் தவணையாகப் பிடித்துக் கட்டுங்கள் என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். சட்டத்துக்குக் கண் இருக்கிறதா இல்லையா என்றே அவருக்கு விளங்கவில்லை.

மகனைப் பிரிந்தாலும் மருமகள் அவருக்கு மருமகள்தான். அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு நேராகப் போனார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

"ஒரு வரி எழுதிக் குடும்மா. இல்லேன்னா அவனை உள்ள வெச்சிடுவாங்க."

"உங்ககிட்ட வாங்கினேன்னு எழுதறேன் மாமா. அவர் குடுத்தார்னு எப்படி எழுதறது? மாசாமாசம் பணம் கட்டச் சொல்லி கோர்ட்டு உங்களுக்குத்தான் உத்தரவு போட்டிருக்குன்னு பாப்பா நினைச்சிட்டிருக்கா. அதனாலதான் தாத்தா வர்றாராம்."

அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எழுதித் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

பட்டறையில் மகன் குழாய் அறுத்துக்கொண்டிருந்தான். இந்த மாதத்திலிருந்து உனக்குச் சம்பளம் என்றதும் அவனுக்கு வாயெல்லாம் பல். பிடித்தமும் பாக்கித் தவணையும் போக மிச்சம் எவ்வளவு என்று தெரிந்ததும் முகம் தொங்கிப்போயிற்று. கல்லாவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். செய்வது சரிதானா என்று அவருக்கே குழப்பமாக இருந்தது.

"அப்ப நீங்க அங்க போக மாட்டீங்களாப்பா?"

"போவேன். இனிமே வெறும் தாத்தாவா."